மூச்சை உள்ளே இழுத்துச் சொன்ன 'ஓம்'

1

எங்கள் குடியிருப்புக்கு இருபத்தைந்து வயது நிறைந்த விழாவில் நான் மேடையேறி ஒரு கன்ட்ரி பாட்டில் நான்கு வரி பாடினேன். ஊரில் என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்பப் போவதில்லை. பள்ளிக்கூடத்தில் தேவாரம் பாடும்போதுகூட வாயை மட்டும் அசைக்கச் சொல்லி என்னைப் பின்வரிசையில் நிறுத்தி வைத்தவர்கள் அவர்கள்.

கன்ட்ரி பாட்டு என்றால் அமெரிக்காவில் மாடு மேய்த்தவர்களும் லொறி ஓட்டியவர்களும் கிட்டாரைத் தட்டிக்கொண்டு, மனைவி விட்டுப் போனதையும் நாய் செத்துப் போனதையும் சொல்லிப் பாடுவது. நோர்வேக்காரருக்கு இதில் ஒரு பைத்தியம் உண்டு. ஒஸ்லோவில் அகன்ற தொப்பி போட்டு மாடு மேய்க்கிறவரை நான் கண்டதில்லை. அதே தொப்பியைப் போட்டுப் பாடுகிறவர்கள் எங்கள் ஹொல்ம்லியாவிலேயே நாலைந்து பேர் இருக்கிறார்கள். எங்களுக்கு நேர்மேல் வீட்டில் எட்டு வருடமாக இருக்கும் ஊட்வார் அவர்களில் ஒருவர். ஓய்வு பெற்ற லொறிச் சாரதி. பேச ஆள் கிடைத்தால் நிறுத்தமாட்டார்.

அந்த ஏப்ரலில், குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்து அவர் என்னைப் பிடித்துக்கொண்டார். ஐந்து நிமிடம் கதைத்தார். எனக்குப் பிடிபட்டவை மூன்று சொற்கள்: 'குடியிருப்பு', 'இருபத்தைந்து', 'சனிக்கிழமை'. வசந்த காலத்தில் எல்லா வீட்டாரும் சேர்ந்து முற்றத்துச் சருகு கூட்டுகிற வழக்கம் இங்கே உண்டு. அதைத்தான் சொல்கிறார், இருபத்தைந்து என்பது திகதி, என்று எடுத்துக்கொண்டேன். கடைசியில் அவர் குரலை உயர்த்தி ஏதோ கேட்டார். நான் "யா" என்றேன். யா என்றால் ஓம், ஆமாம்.

ஊட்வார் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். சருகு கூட்டுவதற்கு யாரும் கைகுலுக்குவதில்லை. அந்த இடத்திலாவது நான் யோசித்திருக்க வேண்டும்.

அடுத்த வாரம் என் மகள் ஆரணி பள்ளிக்கூடத்தால் வந்து, சப்பாத்தைக் கழற்றாமலே வாசலில் நின்றாள். அவளுக்குப் பதினான்கு வயது. என்னோடு அவசியத்துக்குத்தான் பேசுவாள்.

"அப்பா, நீங்கள் பாடப் போறியள் எண்டு கீழை நோட்டீஸ் போட்டிருக்கு."

"நானோ?"

"உங்கடை பேர்தான். ஒவ்வொரு படிக்கட்டிலை இருந்தும் ஒராள் வந்து தன்ரை பிழையைப் பற்றித் தானே நாலு வரி எழுதிப் பாட வேணுமாம். எங்கடை படிக்கட்டுக்கு நீங்களாம்." படிக்கட்டு என்றால் இங்கே ஒரே வாசலால் ஏறி இறங்குகிற வீடுகள்.

சமையலறையில் நின்ற என் மனைவி சறோ அகப்பையோடு வெளியே வந்தாள். அவள் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். எண்பது, தொண்ணூறு வயதுக் கிழவிகளோடு நாள் முழுக்கக் கதைத்துக் கதைத்து நல்ல மொழி பிடித்துவிட்டவள். அவள் என்னை மேலும் கீழும் பார்த்து, "உங்கடை பிழையளுக்கு நாலு வரி காணுமோ?" என்று கேட்டாள்.

2

இந்த 'யா'வைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அகதியாக வந்த புதிதில் என்னை நாட்டின் வடக்கு முனையில் ஒரு மீன் தொழிற்சாலைக்கு அனுப்பினார்கள். அங்கே கிழவன்மார் 'யா' சொல்வதை வாயால் சொல்வதில்லை. பேயைக் கண்டவர்கள் மாதிரிச் சட்டென்று மூச்சை உள்ளே இழுப்பார்கள். அதுதான் 'யா'. முதல் மாதம் முழுக்க, இந்த ஊரில் எல்லோருக்கும் தொய்வு, மூச்சிழுப்பு வியாதி என்று நினைத்திருந்தேன். பிறகு பழகிக்கொண்டேன். வேறெந்தச் சொல்லும் என் நாக்குக்கு ஒழுங்காக வரவில்லை, இது மட்டும் பிசகாமல் வந்தது. அவ்வளவு அச்சாக மூச்சை இழுக்கிற வெளிநாட்டுக்காரனை அவர்கள் கண்டதில்லை. 'இவனுக்கு எல்லாம் விளங்கும்' என்று முடிவு கட்டி, என்னோடு மட்டும் வேகமாகக் கதைக்கத் தொடங்கினார்கள். வேகம் கூடக் கூட எனக்கு விளங்குவது குறைந்தது. விளங்குவது குறையக் குறைய நான் கூடுதலாக மூச்சை இழுத்தேன்.

ஒஸ்லோவுக்கு வந்த பிறகு பாண், ரொட்டி சுடும் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. இயந்திர இரைச்சலுக்குக் காதுமூடி போட வேண்டும். எட்டு மணித்தியாலம் யாரும் யாரோடும் கதைப்பதில்லை. மொழி படிக்க அதைவிட மோசமான இடம் இருக்காது. விளங்காமல் ஒளிந்துகொள்ள அதைவிட நல்ல இடமும் இருக்காது.

யாழ்ப்பாணத்தில் நான் டியூட்டரியில் தமிழ் படிப்பித்தவன். ஒரு பையன் 'வாழைப்பழம்' என்பதை 'வாளைப்பளம்' என்றால், வகுப்பை நிறுத்தி, அவனை எழுப்பி, நாக்கை எங்கே வைப்பது என்று காட்டுவேன். விளங்காததை விளங்கியது என்று தலையாட்டுகிற மாணவரைக் கண்டால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். 'தலையை ஆட்டாதை, சொல்லிக் காட்டு' என்பேன். அவர்களில் இருவர் இப்போது இங்கே ஒஸ்லோவிலேயே, அம்மருட்டில் இருக்கிறார்கள். இந்தக் குறிப்பு அவர்கள் கையில் கிடைக்கக் கூடாது என்பது என் விருப்பம்.

தொலைபேசியில் ஒருமுறை யா சொன்னதால் எங்கள் வீட்டுக்கு நாய் வளர்ப்போர் சஞ்சிகை மூன்று வருடம் வந்தது. எங்களிடம் நாய் இல்லை. குடியிருப்புச் சங்கத்தின் வருடக் கூட்டத்தில் ஒருமுறை, பக்கத்தில் இருந்தவர் கை உயர்த்தினார் என்று நானும் உயர்த்தினேன். பல்கனிகளுக்கு மஞ்சள் பூசுவதா சாம்பல் நிறம் பூசுவதா என்ற வாக்கெடுப்பாம் அது. மஞ்சள் ஒரு வாக்கால் வென்றது. ஹொல்ம்லியா ரயில் நிலையத்தில் இறங்கினாலே அந்த மஞ்சள் கண்ணில் அடிக்கும்.

இவையெல்லாம் பகிடி. பகிடியில்லாத ஒன்றும் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

3

எந்தப் பிழையைப் பாடுவது என்று வீட்டில் ஆலோசனை நடந்தது. சறோ சோறு போட்டுக்கொண்டே அடுக்கினாள்: குறட்டை, ஐஸ்கிறீம் டப்பாக்களை எறியாமல் சேர்ப்பது, அவளுடைய சொந்தக்காரர் வந்தால் மட்டும் தலையிடி வருவது. கறி வைக்கிற நேரத்துக்குள் ஒரு பாட்டுக்கான பிழைகள் சேர்ந்து இரண்டாம் பாட்டும் தொடங்கியிருந்தது. ஆரணி தட்டைக் கழுவி வைத்துவிட்டு அறைக்குள் போனாள்.

நான் எனக்குப் பாதகமில்லாத ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். 'என் கறியில் உறைப்புக் கூட.' இதை எழுதிக்கொண்டு செவ்வாய்க்கிழமை ஒத்திகைக்குப் போனேன். நிலக்கீழ்ப் பொது அறையில் ஊட்வார் கிட்டாரோடு தனியே இருந்தார். பாட்டு அவரே கட்டியது. பல்லவியைத் தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி வரும்:

நிமிர்த்திப் பார்த்தார்கள், நிமிரவில்லை,
கோணலாய்ப் பிறந்தவன் நான்;
கோணலாகவே வீட்டுக்கு வருகிறேன்,
கதவை மட்டும் பூட்டாதே.

என் வரிகளை வாசித்துவிட்டு ஊட்வார் சரிவராது என்று தலையை அசைத்தார். ஏதோ நீளமாகச் சொன்னார். நான் மூச்சை இழுத்தேன். அவர் திரும்பவும் அதையே கேட்டார். நான் திரும்பவும் மூச்சை இழுத்தேன். அவர் காத்திருந்தார். அது ஓமா இல்லையா என்று பதில் சொல்லும் கேள்வியாக இல்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

அந்த அறையில் காதுமூடி இல்லை, இரைச்சல் இல்லை. தப்ப வழியில்லை.

"எனக்கு விளங்கவில்லை" என்றேன். பதினெட்டு வருடத்தில் இந்த வசனத்தை நோர்வேமொழியில் நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

"எது?" என்று கேட்டார்.

"எல்லாம். நீ வேகமாகக் கதைக்கிறாய்."

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். "எட்டு வருடமாகவா?"

"ஓம்."

"நான் சொன்ன பகிடிகள்?"

"ஒன்றும் விளங்கவில்லை."

"நீ சிரித்தாயே."

"நீ சிரித்து முடிந்ததும் நான் சிரிப்பேன்."

ஊட்வார் கிட்டாரைச் சுவரில் சாய்த்து வைத்தார். பிறகு, அந்த எட்டு வருடத்துப் பகிடிகளில் தனக்கு மிகவும் பிடித்ததை எடுத்து, சொல் சொல்லாக, குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற வேகத்தில் சொன்னார். முழுதும் விளங்கியது. விளங்காமல் இருந்தபோது நன்றாயிருந்தது.

அன்றிலிருந்து அவர் என்னோடு அவசரமில்லாமல் ஆறுதலாகக் கதைத்தார். என் வரிகளைப் பற்றி முதலில் சொன்னதையும் திரும்பச் சொன்னார். கறி உறைப்பு என்பது பிழையில்லை, பெருமையாம். கேட்கிறவன் காது கூசுகிற மாதிரி இருந்தால்தான் அது பிழையாம். தன்னுடையதைப் பாடிக் காட்டினார். இளமையில் அமெரிக்காவில் இரண்டு வருடம் லொறி ஓட்டியதாக எல்லோருக்கும் சொல்லி வந்திருக்கிறார். உண்மையில் அவர் அந்தப் பக்கமே போனதில்லை. தொப்பி வாங்கியது சுவீடன் எல்லையில். அமெரிக்கக் கதை கேட்டு வளர்ந்த மகனுக்கு நாற்பது வயதில் யாரோ உண்மையைச் சொல்லிவிட்டார்கள்.

"பொய் சொன்னதற்காக அவன் கோபிக்கவில்லை" என்றார் ஊட்வார். "நாற்பது வருடம் அந்தப் பொய்க்குள்ளேயே தன்னை விட்டு வைத்தேன் என்றுதான் கோபம்."

இது எனக்கு நன்றாக விளங்கியது. விளங்காமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

4

இரண்டு வருடத்துக்கு முன், ஆரணி ஏழாம் வகுப்பில் இருந்தபோது, ஆசிரியை பெற்றோரைத் தனித்தனியே கூப்பிட்டுக் கதைத்தார். சறோவுக்கு வேலை. நான் போனேன். ஆசிரியை மிகப் பண்பானவர். எங்கள் பழக்கவழக்கம் எதையும் புண்படுத்திவிடக் கூடாதென்று, கேட்க வேண்டியதை நாலு மடங்கு நீட்டிக் கேட்டார். அந்த நீளத்தில் நான் எட்டிப் பிடித்த ஒரே சொல் 'லெயர்ஸ்கூலெ'. 'ஸ்கூலெ' என்றால் பள்ளிக்கூடம். 'லெயரெ' என்றால் களிமண். களிமண் பள்ளிக்கூடம். சட்டிபானை வனையப் படிப்பிக்கிறார்கள் போல, பிள்ளைக்கு அது எதற்கு, கணக்குப் படித்தால் போதாதா என்று நினைத்தேன். 'நீங்கள் இதை விரும்பவில்லை, அப்படித்தானே?' என்கிற மாதிரி அவர் கேட்டு முடித்தார். நான் மூச்சை இழுத்தேன்.

'லெயர்' என்றால் முகாம் என்பது பிறகுதான் தெரிந்தது. வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் ஒரு கிழமை மலைக்குப் போய்த் தங்குகிற முகாம். பிள்ளைகள் மாதக்கணக்காக எதிர்பார்த்திருக்கிற விஷயம். வகுப்பு முழுதும் பஸ்சில் ஏறிப் போனது. ஆரணி அந்தக் கிழமை முழுக்க ஆறாம் வகுப்புக்குள் போய் உட்கார்ந்திருந்தாள்.

அவள் என்னிடம் வந்து ஏன் விடவில்லை என்று கேட்டாள். அந்த நேரம் நான் சொல்லியிருக்கலாம். 'வீட்டை விட்டுப் போய்ப் படுக்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை' என்று சொன்னேன். பஸ் போன பிறகுதான் விஷயம் தெரிந்து சறோ கேட்டபோதும் அதையேதான் சொன்னேன். அவள் என்னோடு சண்டை பிடித்தாள். இப்படி ஒரு பிற்போக்கு மனுசனோடு சீவிக்கிறேன் என்று தனக்கு இத்தனை நாளும் தெரியாமல் போயிற்றே என்றாள். எனக்கும் தெரியாது. அன்றைக்குத்தான் அப்படி ஆனேன்.

கண்டிப்பான அப்பா என்றால் பிள்ளை கோபிக்கும். ஒன்றும் விளங்காத அப்பா என்றால் இளக்காரமாகப் பார்க்கும். டியூட்டரியில் பிள்ளைகளை எழுப்பி நிற்க வைத்தவனுக்கு இரண்டாவது தாங்காது என்று பட்டது. அதற்குப் பிறகு ஆரணி எந்தக் கடிதத்தையும் என்னிடம் காட்டுவதில்லை. பெற்றோர் கூட்டம் எப்போது என்பதே எனக்குத் தெரியவருவதில்லை.

5

ஜூன் மாதத்துச் சனிக்கிழமை. முற்றத்தில் மேசைகள், சொசேஜ் சுடும் அடுப்பு, லொறிப் பெட்டி ஒன்றின்மேல் மேடை. வெயில் நன்றாக எறித்தது. சங்கத் தலைவி குன் ஒலிவாங்கியில் வரலாறு வாசித்தார். ஆரணி வரமாட்டேன் என்று சொல்லியிருந்தாள். தன் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேர் இங்கே இருக்கிறார்கள், தான் பிறகு எப்படி முகம் கொடுப்பது என்று தாயிடம் அழுதிருக்கிறாள். ஆனாலும் என் முறை வந்தபோது, சறோவுக்குப் பின்னால் சைக்கிள் நிறுத்துமிடத்தில் அவள் நிற்பதைக் கண்டேன்.

எனக்கு முன் பாடியவர்கள் தாங்கள் சோம்பேறி, தாங்கள் ஊர்வம்பு என்று பாடிக் கைதட்டு வாங்கினார்கள். ஊட்வார் தன் தொப்பியின் விலைச்சீட்டையே பாட்டில் சேர்த்திருந்தார். நான் தாளை விரித்தேன். கறியை விட்டுவிட்டுப் புதிதாக எழுதி, பிந்திய ஒத்திகையில் பாடிய நான்கு வரிகள்:

விளங்காவிட்டாலும் யா என்பேன்,
மூச்சை இழுத்து யா என்பேன்;
பல்கனிக்கு மஞ்சள் தந்தவன் நான்,
எதற்கென்று எனக்கும் தெரியாது.

முற்றம் வெடித்துச் சிரித்தது. எல்லோரும் நிமிர்ந்து பல்கனிகளைப் பார்த்தார்கள். மூன்றாம் படிக்கட்டுக்காரர் ஒருவர் எழும்பி மறுவாக்கெடுப்புக் கேட்டார். குன் தன் தாள்களைப் புரட்டி, தீர்மானம் தீர்மானம்தான் என்று ஒலிவாங்கி இல்லாமலே சொன்னார்.

நான் இறங்கியிருக்க வேண்டும். பல்லவி தொடங்க வேண்டிய இடம் அது. ஊட்வார் என்னைப் பார்த்தார். நான் இறங்கவில்லை என்று கண்டு, பல்லவிக்குப் போகாமல் அதே தாளத்தைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருந்தார். நான் பாடவில்லை, சொன்னேன். என் மகள் ஏழாம் வகுப்பு முகாமுக்குப் போகாததும் அந்த யாவால்தான். நான் தடுக்கவில்லை. ஆசிரியை கேட்டது எனக்கு விளங்கவில்லை. விளங்கவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, தடுத்தேன் என்று அவளுக்குப் பொய் சொன்னேன்.

இலக்கணம் முழுக்கப் பிழை. ஆனால் எல்லோருக்கும் விளங்கிவிட்டது, ஏனென்றால் சிரிப்பு நின்றுவிட்டது. சைக்கிள்களுக்குப் பக்கத்தில் ஆரணியைக் காணவில்லை. பின்னால் ஊட்வார் பல்லவியைத் தொடங்க, மற்றவர்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள். நான் மேடையால் இறங்கிப் போனேன்.

6

அவள் கட்டடத்துக்குப் பின்னால், மணல் தொட்டியின் ஓரக் கட்டையில் இருந்தாள். முகம் சிவந்திருந்தது. நானும் கொஞ்சம் தள்ளி இருந்தேன்.

"எல்லாரும் நினைச்சவை, நான் பொம்பிளைப் பிள்ளை எண்டுதான் என்னை விடேல்லை எண்டு" என்றாள். "நானும் அப்பிடித்தான் நினைச்சனான். ரெண்டு வருசம்."

"ஓம்."

"ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் மதிக்கமாட்டாய் எண்டு நினைச்சன். மறிச்சன் எண்டால் கோவிப்பாய், ஆனால் மதிப்பாய் எண்டு."

"கோவிச்சனான். மதிக்கேல்லை."

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, எந்தச் சொல் விளங்கவில்லை என்று கேட்டாள். நான் களிமண் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொன்னேன். சட்டிபானையையும் சொன்னேன். அவள் கைகளால் முகத்தை மூடினாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்து எழும்பப் போனேன். சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு அழுதாள். பிறகு இரண்டும் சேர்ந்து வந்தது. மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. வியாழக்கிழமை பெற்றோர் கூட்டம் இருக்கிறது, விளங்காவிட்டால் கையை உயர்த்த வேண்டும் என்ற நிபந்தனையோடு வரலாம் என்று மட்டும் சொன்னாள்.

எழும்பும்போது, "எனக்கும் ஒண்டு சொல்ல வேணும்" என்றாள். முகம் மாறியிருந்தது.

ரொறன்ரோவில் இருக்கும் என் அக்கா ஞாயிறுதோறும் தொலைபேசி எடுப்பார். முதல் பதினைந்து நிமிடம் மருமகள் ஆரணிக்கு என்று ஒதுக்கி வைத்திருப்பார். இருவரும் அவ்வளவு வாரப்பாடு என்பது எனக்குப் பெருமை. அக்கா கதைப்பதில் பாதி தனக்கு விளங்குவதில்லை என்றாள் ஆரணி. ஓம் மாமி, ஓம் மாமி என்று சொல்லிக்கொண்டிருப்பாளாம். போன ஞாயிறு ஏதோ கேட்டிருக்கிறார். இவள் ஓம் என்றதும் அக்கா சந்தோசத்தில் அழுதுவிட்டாராம். பிறகு சட்டை அளவு கேட்டாராம். எதற்கு ஓம் சொன்னோம் என்று இவளுக்கு இன்னும் தெரியாது.

பரம்பரை வியாதிகளில் நீரிழிவைப் பற்றித்தான் எனக்குப் பயம் இருந்தது.

மறுநாள் ஞாயிறு. அக்கா எடுப்பதற்கு முன் நானே எடுத்தேன். சறோ அகப்பையோடு வந்து ஸ்பீக்கரைத் தட்டிவிட்டாள். மூவரும் தொலைபேசி மேசையைச் சுற்றி நின்றோம். அக்கா நான் கேட்காமலே சொன்னார்: ஆவணியில் நடக்கிற தன் மகளின் கலியாண வரவேற்பில் ஆரணிதான் தமிழில் வரவேற்புரை சொல்லப் போகிறாள். அழைப்பிதழில் பெயரும் அடித்தாயிற்று. செல்வி ஆரணி, நோர்வே.

ஆரணி சுவரில் சாய்ந்தாள்.

"அக்கா" என்றேன், "பிள்ளைக்கு நீங்கள் கேட்டது விளங்கேல்லை. விளங்காமல்தான் ஓம் எண்டவள்."

பிறகு அக்கா குரலைத் தாழ்த்தினார். "பிள்ளை பக்கத்திலை நிக்கிறாளோ?" நான் வாயைத் திறக்குமுன் அவரே தொடர்ந்தார். "தம்பி, அவள் கதைக்கிறது எனக்கும் ஒண்டும் விளங்கிறேல்லை. தமிழ் மாதிரித்தான் தொடங்குது, பிறகு எங்கையோ போயிடுது. திருப்பிக் கேட்டால் பிள்ளையின்ரை மனம் நோகும் எண்டு நானும் ஓம், ஓம் எண்டு விட்டிடுறனான். நீ அவளிட்டைச் சொல்லிப்போடாதை."

சறோ அகப்பையால் வாயை மூடிக்கொண்டாள். ஆரணி சுவரை விட்டு வந்து தொலைபேசிக்கு மேல் குனிந்தாள். ஒவ்வொரு சொல்லாக, ஊட்வார் எனக்குப் பகிடி சொன்ன வேகத்தில் சொன்னாள்:

"மாமி. நான் பக்கத்திலைதான் நிக்கிறன். இது விளங்கிச்சுதோ?"

"விளங்கிச்சுது" என்றார் அக்கா.

அதற்குமேல் இருவருக்கும் என்ன கதைப்பதென்று தெரியவில்லை. நாலு வருடம் ஞாயிறு தவறாமல் கதைத்தவர்கள். கடைசியில் அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு, புதிதாக அறிமுகமான ஒருவரிடம் விசாரிக்கிற குரலில் கேட்டார்.

"வரவேற்புரையைப் பிறகு பாப்பம். நீ இப்ப எத்தினையாம் வகுப்புப் படிக்கிறாய், பிள்ளை?"

ஆரணி கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.